அரமனை விசாரிப்புக்காரன் அவனில்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் உங்கள் மருமகளின் தகப்பன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். 'நலம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் முழங்காலும் சம்பந்தி அம்மாளின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அவை கட்டுக்குள் வந்த பிறகு மேற்கொண்டு படிக்கவும்.

அடுத்த மாதம் உங்கள் மகனுக்கு நடக்கவிருந்த பாராட்டு விழாவுக்காக எடுத்த ரயில் டிக்கெட்டைத் தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள். கேட்பவர்களிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். என்ன வியாதி என்பதை உங்கள் விருப்பத்துக்கே விடுகிறேன். ஆனால் ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டாம், பார்க்க வந்துவிடுவார்கள்.

காரணம், உங்கள் மகன் அருங்காட்சியகத்துக்காக மண்மேட்டில் தோண்டி எடுத்த அந்தக் களிமண் முத்திரைதான். அந்தக் காலத்தில் பத்திரத்தைச் சுருட்டி, நூல் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி முத்திரை குத்துவார்களாம். ஊர் எரிந்தபோது பத்திரம் சாம்பலாகிவிட்டது, களிமண் மட்டும் சுட்டுக் கெட்டிப்பட்டுத் தப்பித்தது. கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். அதில் இருந்த பெயர், வேதாகமத்தில் ராஜாக்கள் காலத்தில் அரண்மனையைப் பார்த்துக்கொண்ட அரமனை விசாரிப்புக்காரன் ஒருவனுடையது என்று மாப்பிள்ளை வாசித்தார். அந்த ஆள் ஒரே ஒரு வசனத்தில் வருகிறான், அதிலும் ஒன்றும் செய்வதில்லை. இருந்தும் நம் வீட்டில் நடந்த அமர்க்களம் உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே போதகர் மூன்று ஞாயிறு அதையே பிரசங்கித்தார், டிவிக்காரர்கள் வந்து மாப்பிள்ளையை இஸ்திரி போட்ட சட்டையோடு குழிக்குள் இறக்கிக் கடப்பாரையைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள், எதிர்வீட்டு அம்மாள் பேப்பரில் வந்த முத்திரைப் படத்தைக் கத்தரித்து முழங்காலில் வைத்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார், நீங்களும் உங்கள் சபை வாசலில் பேனர் வைத்தீர்கள், அதில் முத்திரையைவிட உங்கள் முகம் பெரிதாக இருந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை, பெற்றவர் என்றால் அப்படித்தான் இருக்கும், பெண்ணைக் கொடுத்தவன் முகத்துக்கு இடமில்லாமல் போனதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் புத்தகத்தில் போடப் புதிதாகப் படம் எடுக்கவேண்டி மாப்பிள்ளை அதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்திருக்கிறார். ஒரு எழுத்தின் அடியில் துளி மண் ஒட்டியிருந்திருக்கிறது. சும்மா விட்டிருக்கலாம். ஊசியால் நெம்பிவிட்டார். மண் போனதும் எழுத்தின் கால் நீண்டுவிட்டது. நம்முடைய ர-வும் துணைக்காலும் போல முத்திரையில் இருக்கும் எபிரேய பாஷையிலும் இரட்டைப் பிறவியாக இரண்டு எழுத்து உண்டாம். கால் குட்டையென்றால் ஒன்று, நீண்டால் இன்னொன்று. எழுத்து மாறினால் பெயர் மாறுகிறது. பெயர் மாறினால் ஆளே மாறுகிறான்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாமா, அது அவர் இல்ல."

"எவர் இல்ல?"

"விசாரிப்புக்காரர். இது வேற யாரோ. எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத ஆளு."

"மாப்ள, இத்தனை காலமா அந்த மண்ணு அங்கதான இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருக்கறதா நெனச்சுக்கங்களேன்" என்றேன். அதுவும் முடியாவிட்டால் 'இருக்கலாம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆயுசுக்கும் இன்சூரன்ஸ் விற்றவன் நான், ஒரு 'இருக்கலாம்' எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

"அந்த ஆளுக்கு மிச்சம் இருக்கறதே அந்தப் பேரு ஒண்ணுதான் மாமா" என்றார். "அதையும் நான் மாத்திச் சொன்னா எப்படி?"

என் மகள் இருக்கிறாளே, அவளாவது சமாதானம் சொல்வாள் என்று பார்த்தேன். "நாளைக்கே போய் எழுதிக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

எழுதிக் கொடுத்தார். அருங்காட்சியக இயக்குநர் அதைப் படித்துவிட்டு, "அந்த மண்ணை எடுக்கச் சொல்லி உங்கள யாரு கேட்டா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாராம். விழா ரத்து. கண்ணாடிப் பெட்டியிலிருந்து முத்திரையை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன், பெட்டிக்குள் விளக்கு மட்டும் எரிகிறது, அதையும் ஒரு குடும்பம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை நிலவறைக்கு அனுப்பிப் பானை ஓடு கழுவ வைத்திருக்கிறார்கள், ஒப்பந்தம் முடிந்தால் நீட்டிக்க மாட்டார்களாம். போதகரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். விசுவாசத்துக்கு மண்கட்டியெல்லாம் எதற்கு என்றார். அதைத்தானே ஐயா மூணு வாரம் பிரசங்கம் பண்ணீங்க என்றேன். அவருக்கு வேறு ஜெபக்கூட்டம் இருந்தது. எதிர்வீட்டு அம்மாளுக்கு அன்றைக்கே முழங்கால் வீங்கிவிட்டது, என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் சம்பந்தி. மாப்பிள்ளையைத்தான் பார்க்க முடியவில்லை. வேலை முடிந்து வருகிறவர் செருப்பைக் கழற்றாமல் வாசல் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிடுகிறார். நகக்கண்ணில் சேறு. என்னவென்று கேட்டால் ஒண்ணுமில்லை மாமா. சாப்பிடக் கூப்பிட்டால் வரேன் மாமா. வருவதில்லை. என் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். நான் டிவியைப் போடுவதா வேண்டாமா என்று ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். செத்த வீட்டில்கூட யாராவது ஒருத்தர் அழுது தொலைப்பார்கள், இங்கே அதுவும் இல்லை.

உங்கள் கோபம் எனக்குத் தெரியும். கல்யாணத்தில் மைக் வேலை செய்யவில்லை என்று மூன்று மாதம் என்னோடு பேசாதவர் நீங்கள். அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன். வந்து நாலு பேர் எதிரில் உங்கள் மகனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டீர்களானால், அதைத் தாங்கும் நிலைமையில் அவர் இல்லை. திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டி எழுதுங்கள். எனக்குப் பழக்கம்தான்.

உங்கள் இல்லத்தில் எந்தக் குறைவும் வராமல் ஆண்டவர் காப்பாராக. சம்பந்தி அம்மாளுக்கு என் வந்தனம். சின்னப் பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது. திறந்தால் நீங்கள். மாப்பிள்ளை மண்ணை எடுத்த அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்துவிட்டாராம், பேனரையும் நீங்களே ஏணி போட்டு இறக்கினீர்களாம். இதையெல்லாம் என்னிடம் சொல்ல வேண்டாம், சம்பந்தி மனசு தாங்காது என்று நீங்கள்தான் தடுத்தீர்களாம். இப்போது குளித்துக்கொண்டிருக்கிறீர்கள், வெந்நீர் போதவில்லை என்று சத்தம் கேட்கிறது. குளிக்கப் போகுமுன், வந்த கையோடு மகன் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "சரிப்பா, அப்போ அந்த ஆளு பேருதான் என்ன?" என்று கேட்டீர்கள். இத்தனை நாளில் எங்கள் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார், அவனுடைய தகப்பன் பெயரையும் சொன்னார், நீங்கள் தப்பாகச் சொல்ல, அவர் திருத்த, மறுபடி நீங்கள் தப்பாகச் சொல்ல, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுதிக் காட்டப் பேப்பர் தேடிக்கொண்டு வந்தார். என் மேஜையில் வேறு பேப்பர் இல்லாததால் இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறார்.