குழாயடியில் சட்டம் ஒழுங்கு

2009 கோடையில், மஞ்சக்குப்பத்துத் தெருக்குழாய் ஒன்றில் பதினோரு நாளாகத் தண்ணீர் வராததை முன்னிட்டு, இளநீர் வெட்டும் பூவரசன், மீன் வெட்டும் சின்னையனை அரிவாளைக் காட்டி மிரட்டினான். மேலிடம் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. வன்முறையின் ஆணிவேரைத் தேடிக் கூட்டம் போட்டு, முந்திரிப் பக்கோடா சாப்பிட்டு, மூன்று வேர்களைக் கண்டுபிடித்தார்கள்: தண்ணீர் இல்லை, வேலை இல்லை, அரிவாள் இருக்கிறது. முதல் இரண்டும் வேறு டிபார்ட்மெண்ட். ஆகவே பொதுமக்கள் தத்தம் அரிவாள்களை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டியது என்று உத்தரவாயிற்று.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் பலாப்பழக்காரி இருசம்மாள். பண்ருட்டியிலிருந்து நாற்பது பழம் வந்து இறங்கியிருந்தது. மூன்று நாள் தாண்டினால் மாடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அவள் அரிவாளோ ஸ்டேஷனில் நாற்பத்தேழாம் நம்பர்.

"பலாப்பழத்த பல்லால கடிச்சா சார் விக்கிறது?" என்று ஸ்டேஷன் ரைட்டர் தட்சிணாமூர்த்தியிடம் கேட்டாள்.

"உங்கிட்ட அரிவாளக் குடுத்து, நீ யாரையாச்சும் வெட்டிட்டா?"

"இருவது வருசமா வெட்டாதவ, இன்னிக்கா வெட்டப் போறேன்?"

"அதாம்மா சந்தேகமா இருக்கு. இருவது வருசமா அடக்கி வச்சிருக்க."

இருசம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. ரைட்டர் மனமிரங்கி உத்தரவைப் புரட்டினார். "வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னுதான் இருக்கு. உள்ளயே, ரெண்டு போலீஸ் முன்னால வெட்டிக்க."

பழங்கள் ஸ்டேஷனுக்கு வந்தன. இரண்டு போலீஸும் சாட்சிக்காகத் தலைக்கு நாலு சுளை தின்றார்கள். விஷயம் பரவி, பூவரசன் இளநீர்க் குலையோடு வந்தான்; சின்னையன் மீன் கூடையோடு வந்தான். ஊரெல்லாம் சிதறிக் கிடந்த அரிவாள்களும் கோபங்களும் ஒரே கூரையின் கீழ் வரிசையில் நின்றன. "யார் முதல்ல?" என்ற பேச்சு வந்தது. விலக்கப் போன ரைட்டரின் கட்டைவிரலில் ஒரு கீறல் விழுந்தது.

அறிக்கை தெளிவாக இருந்தது. ஊருக்குள் வன்முறை அறவே இல்லை. நடந்த ஒரே சம்பவம் ஸ்டேஷனுக்குள். அரிவாள்கள் அத்தனையும் வழக்குச் சொத்தாகி, சீல் வைக்கப்பட்டுக் கோர்ட்டுக்குப் போயின. இருசம்மாளின் இருபத்திரண்டு பழங்கள் அழுகின.

பிசுபிசுத்த கையைக் கழுவலாம் என்று அவள் குழாயடிக்குப் போனாள். காற்றுதான் வந்தது. வயிற்றெரிச்சலில் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கி வீசினாள். அது வரிசையில் கடைசியாக, காலிக் குடத்தோடு நின்ற தட்சிணாமூர்த்தியின் நெற்றியில் பட்டது.

"ஐயய்யோ, நீங்களா சார்?"

"எங்க குவார்ட்டர்ஸ்லயும் வரலம்மா" என்றார் ரைட்டர், நெற்றியைத் தடவிக்கொண்டே. "ஆனா குடம் ஆயுதந்தான். எழுதித்தான் ஆவணும்."

மறுநாளே குடங்களையும் ஒப்படைக்க உத்தரவு வந்தது. தண்ணீரே வராதபோது குடம் எதற்கு என்று ஜனங்கள் முணுமுணுக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தட்சிணாமூர்த்தி தன் குடத்துக்குத் தானே ரசீது எழுதிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டிற்று. இருசம்மாள் கையை நன்றாகக் கழுவிக்கொண்டாள். தெருவே கூடி நின்று பார்க்க, இரண்டு மணி நேரம் சாக்கடையில் ஓடிவிட்டு நின்றது.

'தண்ணீர் வந்தும் குழாயடியில் சண்டை இல்லை' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. பேப்பரிலும் வந்தது. பூவரசன் அதை உரக்கப் படித்தான்.

"பரவால்லயே," என்றது தெரு, "நம்ம தெரு பேரு போட்டிருக்கான்."