நடுங்கும் கைகளும் பிப்பெட் நைனாவும்

ஒரு மாணவிக்கு ஒரு மணி நேரம் விடாமல் ஊக்கம் கொடுத்து, கடைசியில் "சார், நான் படிப்பை நிறுத்திடறேன்" என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்த பெருமை எனக்கு உண்டு. சும்மா செய்யவில்லை, முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு செய்தேன். திருத்தணியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிற என்னை, மாணவர் உளவியல் பற்றிய ஏழு நாள் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். எட்டாவது நாள் ஐம்பத்திரண்டு சிலைடுகளோடும் ஒரு சான்றிதழோடும் திரும்பி வந்தேன். சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். என் மனைவி அதன் ஆணியில் மளிகைப் பையைத் தொங்கவிடுகிறாள்.

அந்த முகாமில் பேசிய நிபுணர்கள் எல்லாரையும் ஒரு தட்டில் வைத்து, எங்கள் ஆய்வகச் சிப்பந்தி பிப்பெட் நைனாவை மறுதட்டில் வைத்தால், நைனாவின் தட்டு தரையைத் தொடும். அவருடைய உடல் எடையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஏன் படிக்கிறார்கள், ஏன் படிக்காமல் போகிறார்கள், படித்தும் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்பதில் இந்தச் சீமையிலேயே அவரை விடத் தெரிந்த ஆள் கிடையாது. அவர் பத்தாம் வகுப்பு கணக்கில் பெயிலானவர்.

பிப்பெட் என்பது ஆய்வகத்தில் திரவத்தை உறிஞ்சி அளக்கிற கண்ணாடிக் குழாய். மேலே ஒல்லி, கீழே ஒல்லி, நடுவில் ஒரு உருண்டை. நைனாவைப் பார்த்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை. உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. நான் அந்தக் கல்லூரியில் மாணவனாக இருந்தபோதே அவர் அங்கே இருந்தார். அதனால் நாலு பேர் முன்னால் என்னை 'சார்' என்பார். தனியாக இருந்தால் 'நீ'தான்.

அவருக்கென்று ஒரு தேநீர்க் குவளை உண்டு. நூறு மில்லி பீக்கர். அதில் மண்டை ஓடு படம் ஒட்டி, கீழே 'விஷம்' என்று எழுதி வைத்திருந்தார். வேறு யாரும் எடுத்துக் குடிக்கக் கூடாது என்பதற்காக. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு ஆசிரியை, முதல் நாளே அவர் அந்த பீக்கரை எடுத்து ஒரே மூச்சில் குடிப்பதைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டார். வண்டி வந்தபோது நைனா வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒன்னும் இல்லம்மா, இன்னிக்கி சக்கர தூக்கல்" என்றார்.

அதைவிடப் பெரிய விஷயம் அவர் சோதனைக் குழாய் உடைப்பது. ஒவ்வொரு செய்முறைத் தேர்வு அன்றும், பிள்ளைகள் எல்லாம் உள்ளே வந்து நின்ற பிறகு, நைனா ஒரு கட்டுச் சோதனைக் குழாய்களைச் சுமந்து வருவார். அறையின் நட்டநடுவில் ஒன்று கை நழுவிச் 'சிலீர்' என்று விழும். "போச்சா" என்று சொல்லிவிட்டு நிதானமாகப் பெருக்குவார். வருடம் தவறாமல் இது நடந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள், உடைந்த கண்ணாடியின் கணக்கில் மாணவர்களை எல்லாம் சேர்த்தாலும் நைனாவே முந்துகிறார் என்று எழுதினார்கள். துறைத் தலைவரானதும் நான் என் பங்குக்கு அவருக்கு ஒரு மெமோ கொடுத்தேன்: 'பணியில் கவனக்குறைவு'.

மெமோவை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார். "முத குழாய ஒடைக்கறது யாருன்னு பயந்துகினே எல்லாப் புள்ளயும் நிக்கும். அத நானே ஒடச்சுட்டா அப்பால இன்னா பயம்?"

அந்த மெமோவை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் படிவம் கிடையாது.

என் ஐம்பத்திரண்டு சிலைடுகளைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது நைனா கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். முழுவதையும் கேட்டது அவர் ஒருவர்தான். அரக்கோணம் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் பதினெட்டாவது சிலைடிலும், கனகம்மாசத்திரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருபதாவது சிலைடிலும் எழுந்து போனார்கள். எந்த ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தமில்லாத உள்ளூர்ப் பிள்ளைகள் இருபத்தொன்றாவதில் போனார்கள். எல்லாம் முடிந்து நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நைனா பக்கத்தில் வந்தார். ஊக்கம் இரண்டு வகை, உள்ளிருந்து வருவது, வெளியிலிருந்து வருவது என்று நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

"சரி, கை நடுங்குதே, அது எந்த வகை?"

அது எந்த சிலைடிலும் இல்லை.

கை நடுங்குவது என்றால் லாவண்யாவின் கை. பொதட்டூர்பேட்டைப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண். எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். செய்முறைத் தேர்வில் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. அந்த இரண்டு முறையும் அவளுக்குத் தேர்வு மையம் வேறு கல்லூரி. எங்கள் தேர்வில் ஆளுக்கொரு குப்பியில் ஒரு பொடி தருவோம். அதை உப்பு என்போம், பிள்ளைகள் பாஷையில் சால்ட். மூன்று மணி நேரத்தில் பத்துப் பதினைந்து சோதனை செய்து, அது என்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். லாவண்யாவுக்கு அத்தனை சோதனையும் மனப்பாடம். ஆனால் தேர்வு மணி அடித்தால் கை ஆடும். குழாய் ஆடும். உள்ளே இருக்கிற அமிலம் மேசையில் கோலம் போடும்.

மூன்றாவது முறையும் போனால் தறிப் பட்டறையில் பாவு நூல் போட வந்து உட்கார வேண்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். நகரியில் அவளுக்கு ஒரு பாவா, அதாவது முறைமாப்பிள்ளை, இருந்தான். அவன் வீட்டில் கல்யாணத் தேதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளோ சென்னையில் எம்.எஸ்சி. சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் நான் அவளை அறைக்கு அழைத்து ஊக்கம் கொடுத்தேன். இது உன் கடைசி வாய்ப்பு என்றேன். உன் எதிர்காலமே இந்த மூன்று மணி நேரத்தில் இருக்கிறது என்றேன். உன் குடும்பமே உன்னை நம்பியிருக்கிறது என்றேன். அவள் நிறுத்திவிடுவதாகச் சொன்னதில் இன்று யோசித்தால் ஒரு தவறும் தெரியவில்லை. நல்லவேளையாக நைனா அவளை வராந்தாவில் பிடித்து, பீஸ் கட்டியாயிற்று, ஹால்டிக்கெட் வந்தாயிற்று, சும்மா வந்து நின்றுவிட்டாவது போ என்று சொல்லி அனுப்பினார்.

தேர்வு நாள் வந்தது. இருபத்து நான்கு பிள்ளைகள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கறாரான மனிதர். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. குப்பிகளுக்கு எண் போடும் வேலையை அன்று காலை அவரே கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். எந்த எண்ணில் எந்த உப்பு என்ற பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கே காட்டவில்லை. நைனா வழக்கம்போல ஒரு குழாயை உடைத்தார். தேர்வாளர் சிவப்புப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

முதல் அரை மணியில் லாவண்யாவின் மேசையிலிருந்து கண்ணாடியும் ஸ்டாண்டும் மோதுகிற 'கிணுகிணு' சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். இனிமேல் ஊக்கம் தருவதில்லை என்று ஒரு தீர்மானத்தில் இருந்தேன். நைனா, டிஸ்டில்டு வாட்டர் என்கிற வாலை வடிநீர்ப் பாட்டிலோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போனதும் குனிந்து காதோடு ஏதோ சொன்னார். நகர்ந்தார். ஒரு நிமிடத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் கை நின்றதை நான் பார்த்தேன். நைனாவின் வாய் அசைந்ததைத் தேர்வாளர் பார்த்தார்.

தேர்வு முடிந்ததும் அவர் வெடித்தார். சிப்பந்தி விடை சொல்லிக் கொடுத்துவிட்டார், ஒருத்திக்கு மட்டுமில்லை, ஏழெட்டுப் பேரிடம் குனிந்ததைப் பார்த்தேன், மொத்த பேட்சின் முடிவையும் நிறுத்தி வைக்கிறேன் என்றார். கல்லூரி முதல்வர் அம்மா பதறிப்போய் அந்த இடத்திலேயே ஒரு விசாரணைக் குழு அமைத்தார். அவர், தேர்வாளர், நான். நைனா ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. முறைகேடு என்று ஒரு வரி எழுதினால் முப்பத்தாறு வருட வேலைக்கான பென்ஷன் அந்தரத்தில் நிற்கும். லாவண்யாவுக்கு நகரி.

லாவண்யாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். என்ன சொன்னார்? சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம் என்றாள். இதைவிடக் குற்றத்தை உறுதி செய்கிற வாக்குமூலம் இருக்க முடியாது. தேர்வாளர் பச்சைப் பேனாவுக்கு மாறினார்.

நைனாவைக் கூப்பிட்டோம். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா சொன்னேன்னு சொல்ல முடியாதும்மா. நாளிக்கி இன்னொரு பேட்ச் கீது."

"உங்க பென்ஷன் போயிடும், தெரியுதா?" என்றார் முதல்வர்.

"ஆங், தெரியும். சொல்லிட்டேன்னா நாளிக்கி வர்ற புள்ளைங்களுக்கு ஒன்னும் இல்லாம பூடும். நீங்க எழுதறத எழுதிக்கங்க."

முதல்வருக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. இருபத்து நான்கு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து, நைனா உங்களிடம் ஏதாவது சொன்னாரா, சொன்னால் என்ன என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். பெயர் போட வேண்டாம் என்றார். பெயர் போட வேண்டாம் என்றால் நம் பிள்ளைகள் ரோல் நம்பர் போடுவார்கள். போட்டார்கள்.

தேர்வாளர் முதல் தாளை எடுத்து உரக்கப் படித்தார். 'நைனா என்னிடம் மட்டும், உனக்கு ஈஸி சால்ட் வச்சிருக்கேன், யாருகிட்டயும் சொல்லாதே என்று சொன்னார். மன்னிக்கவும்.' படித்துவிட்டு எங்களை வெற்றியோடு பார்த்தார். இரண்டாவது தாள்: 'என்னிடம் மட்டும், உனக்கு ஈஸி சால்ட் என்று சொன்னார்.' மூன்றாவதும் அதே. நான்காவதில் 'மட்டும்' என்பதற்கு அடிக்கோடு போட்டிருந்தது. எட்டாவது தாளுக்கு மேல் தேர்வாளர் உரக்கப் படிப்பதை நிறுத்திவிட்டார். ஒருவன், 'தவறு என்னுடையது, நைனாவை விட்டுவிடுங்கள்' என்று எழுதியிருந்தான். இன்னொருவன், 'எனக்கு வந்தது ஈஸி சால்ட் இல்லை, மிகவும் கஷ்டமான சால்ட், நைனா ஏமாற்றிவிட்டார், தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று புகார் கொடுத்திருந்தான். இருபத்து நான்கும் ஒரே வாக்கியம். இருபத்து நான்கு பேரும் அது தனக்கு மட்டும் கிடைத்த சலுகை என்று நினைத்துக் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருந்தார்கள்.

தேர்வாளர் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். லாவண்யாவின் எண்ணுக்கு நேரே பார்த்தார். அவர் கொண்டுவந்ததிலேயே முரட்டு உப்பு அதுதான். நன்றாகப் படிக்கிறவர்களே தடுமாறுவது. அவள் சரியாக எழுதியிருந்தாள்.

"உப்புல ஈஸி, கஷ்டம்னு இருக்கா சார்?" என்று முதல்வர் என்னைக் கேட்டார். அவர் வரலாறு படித்தவர்.

பொடியைப் பார்த்தவுடன் எதுவும் தெரியாது மேடம், எல்லாவற்றுக்கும் எல்லாச் சோதனையும் செய்துதான் ஆக வேண்டும் என்றேன். சொல்லும்போது என் காது சூடாகிக்கொண்டிருந்தது. ஏனென்றால் இருபத்தைந்தாவது தாள் என்னிடம் இருந்தது. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் அதே அறையில், அதே மனிதர் குனிந்து, அதே வாக்கியத்தை என் காதிலும் சொல்லியிருந்தார். சத்தியமும் வாங்கியிருந்தார். நான் பட்டம் வாங்கியதே ஒரு சிப்பந்தியின் தயவில்தான் என்று இத்தனை வருடமும் உள்ளுக்குள் குறுகிக்கொண்டு, எம்.எஸ்சி., எம்.பில்., பிஎச்.டி. என்று ஒவ்வொன்றாக அந்தக் களங்கத்தைத் துடைக்கப் பார்த்திருக்கிறேன். உளவியல் முகாமில் இதற்கு ஏதோ பெயர் சொன்னார்கள். அப்போது வேறு யாரைப் பற்றியோ என்று நினைத்துக் குறிப்பு எடுத்தேன்.

தேர்வாளர் நீலப் பேனாவில், 'முறைகேடு ஏதும் இல்லை' என்று எழுதினார். தாள்கள் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று முதல்வர் சொன்னார். மூவரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் இரண்டாவது பேட்சுக்கு நைனா வழக்கம்போல ஒரு குழாயை உடைத்துவிட்டு, வாலை வடிநீரோடு கிளம்பினார். லாவண்யா இப்போது சென்னையில் எம்.எஸ்சி. படிக்கிறாள். நகரியில் பாவாவுக்கு வேறு இடத்தில் பார்த்து முடித்துவிட்டார்கள். நைனா ஓய்வு பெற்றுவிட்டார். அதனால்தான் இதையெல்லாம் எழுத முடிகிறது.

விசாரணை முடிந்த அன்று மாலை ஆய்வகத்துக்குப் போனேன். நைனா தனியாகக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கிவிட்டது நைனா, எனக்கும் அன்றைக்கு நீங்கள் சும்மாதான் சொன்னீர்கள், நான் சொந்தமாகத்தான் பாஸ் செய்திருக்கிறேன், இது தெரியாமல் இத்தனை வருடம் போய்விட்டதே என்று தழுதழுத்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கமிட்டி பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டியா?"

"போட்டாச்சு நைனா."

"அப்ப சொல்லலாம். அந்தக் காலத்துல குப்பி ரொப்பறது நான்தான். எல்லாருக்கும் வெள்ளப் பொடி. நீ ஒருத்தன்தான் மூஞ்சி வெளுத்துப்போய் நின்னுகினு இருந்த, பாவமா இருந்துச்சு. ஒனக்கு மட்டும் மயில்துத்தம் வெச்சேன். நீலக் கலரு. ரோட்ல போறவன் பாத்தா கூட சொல்லிடுவான். நீ அதுக்கும் ரெண்டு மணி நேரம் எடுத்துகினு, கடசீல என்னாண்ட வந்து கரெக்ட்டான்னு கேட்ட."