மூணு மணிப் பக்கம் திமிங்கலம்

உபகாரி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். லிஃப்ட் வாசலோ மருத்துவமனை வராந்தாவோ, எங்கே ஒரு சக்கர நாற்காலி தென்பட்டாலும் சரி, எங்கிருந்தோ முளைத்து, "நகருங்க, நகருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே, அதில் உட்கார்ந்திருப்பவர் போகிறாரா வருகிறாரா, யாருக்காவது காத்திருக்கிறாரா, சும்மா காற்று வாங்குகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்காமல், பின்னாலிருந்து பிடித்துத் தள்ளத் தொடங்கிவிடுவார். எங்கே தள்ளுகிறார்? தள்ளிய பிறகுதான் அது அவருக்கே தெரியும்.

ஆள் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

இந்த இனத்தின் முதல்தரமான ஒருவரிடம் ஐந்து நாள் அகப்பட்டுக்கொண்டவர் கண்டக்டர் அக்கா. இருபத்தாறு வருடம் ஓடுகிற பேருந்தில் நின்றபடியே வேலை பார்த்தவர். முதுகில் செய்த அறுவை சிகிச்சை சரியாக வராமல் நான்கு வருடமாக நாற்காலியில் இருக்கிறார். சாவதற்குள் ஒரு திமிங்கலத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஏன் திமிங்கலம் என்று கேட்டால், "என் பஸ்ஸைவிட நீளம், ஆனா எவ்வளவு லாவகமாத் திரும்புது" என்பார். அதற்கென்றே, நடக்க முடியாதவர்களுக்கும் வசதி செய்திருக்கிற ஒரு கப்பலைத் தேடிப் பிடித்துத் தங்கையோடு ஏறினார். சொன்ன வசதியெல்லாம் அப்படியே இருந்தது. வாசற்படி இல்லாத அறை, எல்லாத் தளத்துக்கும் லிஃப்ட், மேல்தளத்தின் வலது ஓரத்தில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கக் கம்பிக்குப் பதில் கண்ணாடித் தடுப்பு, அந்த இடத்தில் தரையில் பெரிதாக நாற்காலிப் படம். ஒரு குறை சொல்ல முடியாது.

குறை பக்கத்து அறையில் தங்கியிருந்தது. ஓய்வுபெற்ற அலுவலக மேலாளர். கழுத்தில் பைனாகுலர், முகத்தில் கருணை. முதல்நாள் காலை, கப்பல் கிளம்பும் முன்பே அவர்களுடைய சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டார். அக்காவின் தலைக்கு மேலாகத் தங்கையைப் பார்த்து, "அவங்க காபி குடிப்பாங்களா?" என்றார்.

"குடிப்பாங்க, சர்க்கரை கம்மியா" என்றார் அக்கா.

"சர்க்கரை கம்மியாம்" என்று அவர் தங்கையிடம் தெரிவித்தார்.

கப்பல் நகர்ந்ததும் தங்கைக்குத் தலைசுற்றல். படுத்தவர் படுத்தவர்தான். உபகாரிக்கு வேறென்ன வேண்டும்?

அன்றைக்கே மேல்தளத்தில் எல்லாரையும் கூட்டி, வழிகாட்டிப் பெண் பாடம் நடத்தினாள். "கப்பலை ஒரு கடிகாரமா நினைச்சுக்கங்க. மூக்கு பன்னெண்டு மணி. வலது பக்கம் மூணு, பின்னாடி ஆறு, இடது பக்கம் ஒன்பது. நான் மணி சொன்னா அந்தப் பக்கம் பாருங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். உபகாரி மட்டும் கேட்கவில்லை. அவர் குனிந்து, குளிரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் காலைச் சுற்றிப் போர்வையைச் செருகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாறைமேல் கடல்நாய்க் கூட்டம். "வெயில் ஆகாது" என்று அவர் நாற்காலியை நிழலுக்குத் திருப்பியதில், அக்கா ஓர் உயிர்காப்புப் படகின் அடிப்பாகத்தை ஒரு மணி நேரம் பார்த்தார். அதற்கடுத்த நாள் கடற்பறவைகள். உபகாரி முன்னால் நின்றுகொண்டு, "வெள்ளையா இருக்கு, பறக்குது" என்று விவரித்தார். அக்காவுக்குத் தெரிந்தது அவருடைய சட்டையின் முதுகு.

அக்காவுக்கு வாயில்லையா என்பீர்கள். ஊரைக் கூட்டுகிற வாய். ஆனால் "வேண்டாம் சார்" என்றால் "இதுல எனக்கென்ன சிரமம்" என்கிறவரை, "நானே போய்க்கறேன்" என்றால் "பாவம், கூச்சப்படறாங்க" என்று சுற்றியிருப்பவர்களிடம் சொல்கிறவரை, என்ன சொல்லி விரட்டுவது? சுற்றியிருப்பவர்களும் அவரைத்தானே மெச்சுகிறார்கள்?

ஐந்தாம் நாள். சாயங்காலம் கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பிவிடும். திமிங்கலம் இன்னும் கண்ணில் படவில்லை. அக்கா விடிந்ததிலிருந்து கண்ணாடித் தடுப்பை ஒட்டி, நாற்காலிப் படத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். பத்து இருபதுக்கு ஒலிபெருக்கியில் வழிகாட்டிப் பெண்ணின் குரல் வந்தது. "மூணு மணிப் பக்கம் திமிங்கலம். மூணு மணிப் பக்கம்."

உபகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மணிப் பக்கமா? இப்பப் பத்து இருபதுதானே ஆகுது. அதுவரைக்கும் இந்தக் காத்துல எதுக்கு உக்காந்திருக்கணும்? வாங்க, கீழ போய்ப் படுத்து எழுந்திருக்கலாம்."

"சார், அது அந்த மணி இல்ல. பக்கம். மூணு மணிப் பக்கம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்? மூணு மணிப் பக்கம்."

சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி நகர்ந்துவிட்டது. எதிரே நாற்பது பேர் காமிராவும் கையுமாக ஓடிவருகிறார்கள். ஊரே ஒரு பக்கம் ஓடும்போது நாம் மட்டும் எதிர்த்திசையில் போகிறோமே என்று மனிதருக்குச் சந்தேகம் வந்ததா? "பாருங்க, இப்பவே எடம் பிடிக்க ஓடறாங்க" என்று சிரித்தார். அக்கா சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். "கை மாட்டிக்கும்மா" என்று உபகாரி அவர் கையை எடுத்து மடியில் வைத்தார். லிஃப்டில் இறக்கி, கீழ்க்கூடத்தில் ஒரு தூணோரம் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, "ரெண்டே முக்காலுக்கு வந்து மொத ஆளாக் கூட்டிட்டுப் போறேன்" என்று தன் அறைக்குத் தூங்கப் போனார்.

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் முந்திக்கொண்டது. பிரேக்கை விடுவித்து, கூடத்தைக் கடந்து, மேலே போய் உட்கார்ந்திருந்த லிஃப்டைத் திட்டித் திட்டி வரவழைத்து, மேல்தளத்துக்கு வந்தால், நாற்காலிப் படத்தின் மேல் ஆறு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நான்கு வருடமாக வெளியே வராத ஒரு குரல் வந்தது. "வழிய மறிச்சு நிக்காதே. உள்ள தள்ளிப் போ, உள்ள எடம் இருக்கு பாரு."

வாழ்நாளில் ஒரு தடவையாவது பேருந்தில் ஏறினவன் அந்தக் குரலை மீற முடியுமா? ஆறு பேரும் யார் சொன்னது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் நகர்ந்தார்கள்.

கடல் வெறிச்சென்று கிடந்தது. "போயிடுச்சா?" என்றார் அக்கா.

வழிகாட்டிப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மூச்சுவிட மேல வரும். இருங்கக்கா."

வந்தது. தண்ணீர் புடைத்தது, கரிய முதுகு ஒன்று எழுந்து போய்க்கொண்டே இருந்தது, முடிகிற வழியாக இல்லை. கடைசியில் வாலைத் தூக்கி நிறுத்தி, ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கிப்போனது. அக்கா வாய்விட்டு அழுதார். சந்தோஷ அழுகைதான்.

ரெண்டே முக்காலுக்கு உபகாரி கீழ்க்கூடமெல்லாம் தேடிவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தார். துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

"திமிங்கலம் காலையிலேயே போயிடுச்சு சார்."

"அடப் பாவமே, உங்களால பாக்க முடியாமப் போச்சே."

"நான் பாத்தாச்சு. நீங்கதான் பாக்கல."

அவர் கண்ணாடித் தடுப்பில் கை வைத்து வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கே மனசு கேட்கவில்லை. மூக்கு பன்னெண்டு, வலது மூணு என்று பொறுமையாக விளக்கினார். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை அந்தப் பொண்ணு மொதல்லயே சொல்லியிருக்க வேணாமா?" என்றார் உபகாரி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அவர் அக்காவைக் கீழே தள்ளிக்கொண்டு போனபோது உங்கள் கை பரபரத்ததே, நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் அந்த ஆளை ஓரங்கட்டிவிட்டு, நாற்காலியைப் பிடித்துத் திருப்பி, நேராக வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன் என்று நினைத்தீர்களே, அக்காவை ஒரு வார்த்தை கேட்டீர்களா?