பிள்ளையார் குருவி பார்த்த வெள்ளிக்கிழமை

தனியே கதைப்பவர்களுக்குத் தலை சரியில்லை என்பார்கள். மொன்றியலுக்கு வந்த முதல் வருடம் நான் ஃப்ரிட்ஜோடு கதைத்துக்கொண்டிருந்தேன். (அதுவாவது இடைக்கிடை உறுமிப் பதில் சொல்லும்.) இவர் விடியப் புறப்பட்டுப் புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலைக்குப் போனால், பொழுதுபட வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி விழுவார். வில்லரேயில் எங்களுடையது கீழ்வீடு. பின்னால் ஒரு பாய் விரிக்கக்கூடிய அளவில் முற்றம்.

மேல்வீட்டில் மதாம் மொனிக் தனியாக இருந்தார். என் அம்மாவின் வயது இருக்கும். எனக்குப் பிரெஞ்சில் "பொன்ஜூர்", "மெர்சி" தவிர மிச்சமெல்லாம் கைப்பாஷைதான். ஒருநாள் அவர் சிவப்புப் பூக்கன்றுகள் கொண்டுவந்து தந்து, பெருவிரலைக் காட்டி, "கொலிப்ரி" என்றார். பெருவிரல் அளவுக் குருவியாம். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்குமாம். இதை அவர் இரண்டு கைகளையும் படபடவென்று அடித்து நடித்துக் காட்டியபோது, இந்த நாட்டுக்கு வந்தபின் முதல் தடவையாக வயிறு நோகச் சிரித்தேன்.

நட்டேன், தண்ணீர் ஊற்றினேன், ஜூலையில் பூத்துக் குலுங்கின. வெள்ளிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு குருவி பார்க்கலாம் வாருங்கள் என்று கையாலேயே அழைத்தேன். தலையாட்டினார். இங்கே என் முதல் விருந்தாளி!

வெள்ளி காலை தலைக்குக் குளித்துவிட்டுப் பூத்தட்டை எடுத்தேன். கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமையில் செடியில் பூவை விட்டுவைக்கிற வளர்ப்பு எங்களுடையதில்லை. அத்தனையையும் பறித்து மாலை கட்டிப் பிள்ளையார் படத்துக்குச் சாத்தினேன். (மொட்டைக்கூட விடவில்லை. பக்தியில் குறை வைக்கக் கூடாதல்லவா?)

பின்னேரம் மதாம் தொப்பியும் பைனாகுலருமாக வந்தார். முற்றத்தில் வெறும் தண்டுகள். யாரோ திருடிவிட்டார்கள் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. மதாம் திரும்பிப் படியேறிவிட்டால் எனக்கு மறுபடி ஃப்ரிட்ஜ்தான். உள்ளே ஓடினேன். பிள்ளையார் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, மாலையோடு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, பூவைக் காட்டி "கொலிப்ரி!" என்றேன்.

மதாம் சிரிக்கவில்லை. பிள்ளையாருக்கு ஒரு "பொன்ஜூர்" சொல்லிவிட்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

குருவி வரவேயில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போன பிறகு ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து பிள்ளையாரின் தும்பிக்கையில் குந்தியது. மதாம் மூச்சுக்கூட விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். விமான நிலையத்தில் அம்மா விட்ட கையை அதன்பிறகு யாரும் அப்படிப் பிடித்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து இவர் வந்தார். ஜூலை பிறந்தால் பாதி நகரம் வீடு மாறுகிற ஊர் இது. எங்கள் ஆட்கள் வீடு மாறினால் முதலில் வெளியே வருவது சாமிப்படம். இவர் கண்டதோ முற்றத்தில் பிள்ளையார், அழுகிற பெண்சாதி, கையைப் பிடித்துத் தேற்றுகிற வெள்ளைக்காரி. சாப்பாட்டுப் பை கையிலிருந்து விழுந்தது.

"என்னப்பா, வீட்டுக்காரன் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டானோ?"

"இல்லையப்பா, குருவி பாக்கிறம்."

"குருவியோ? பிள்ளையாரோடையோ?"

இன்றைக்கும் பிறந்தநாள் வீடுகளில் இவர் இதை நடித்துக் காட்டுவார். நான் முகத்தைத் தூக்கினால் மகள், "அப்பா கவனம், அம்மா பிள்ளையாரை வெளியிலை எடுக்கப் போறா" என்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்; நானும்தான். அடுத்த ஜூலையில் மேல்வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக இறங்கியதும், மதாமை அவருடைய மகன் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனதும், லொறி தெருமுனையில் திரும்பும்வரை நான் வாசலில் நின்று அழுததும் இவருடைய கதையில் வருவதில்லை. அன்று இவர் வேலைக்குப் போயிருந்தார்.