சத்தம் வெளியே போகாத ரூமு

முட்டை அட்டைகளை ஒட்டி முடித்த மூன்றாம் நாள் எறும்பு வந்தது.

ஒன்றிரண்டு எறும்பு இல்லை. மாடிப்படியில் வரிசை கட்டி, கல்யாண வீட்டுப் பந்திக்குப் போவதுபோல அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. சுரையா துடைப்பத்தோடு பின்னாலேயே ஏறிப் போய்ப் பார்த்தாள். அறையின் நாலு சுவரிலும் அவள் பார்த்துப் பார்த்து ஒட்டிய அட்டைகளில், உடைந்த முட்டையின் மஞ்சள் எங்கெங்கே காய்ந்திருந்ததோ அங்கெல்லாம் விருந்து நடந்துகொண்டிருந்தது.

"கழுவிட்டு ஒட்டியிருக்கலாம்ல?" என்றான் அவள் கணவன் ஹக்கீம்.

"அட்டையைக் கழுவினா கூழாப் போகும். ஓசியில யோசனை சொல்லாம மருந்தை அடிங்க."

மருந்து அடித்தார்கள். எறும்பு போனது, மருந்து நாற்றம் போகவில்லை. மைக் முன்னால் நின்று "அன்பார்ந்த" என்று ஆரம்பித்தவளுக்கு இருமல் வந்து, "பொதுமக்களே" என்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போடியில் சுரையாவின் முகம் பலருக்குத் தெரியாது. குரலைத் தெரியாதவர் கிடையாது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, பள்ளிக்கூடச் சேர்க்கை, பல் டாக்டர் வருகை, ராசிங்காபுரம் கபடிப் போட்டி என்று ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு எது தெருவுக்குள் வந்தாலும் அதில் பேசுவது அவள்தான். அத்தனையையும் அவள் பதிவு செய்தது வீட்டு பீரோவுக்குள். சேலைகளுக்கு நடுவே தலையை விட்டு, முதுகுக்குப் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு, செல்போனில் பேசுவாள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. ஊரே கேட்கிற குரலுக்கு நிமிர்ந்து நின்று பேச ஓர் இடம் இல்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு வேதனை.

அதனால்தான் கடைக்கு மேலே சும்மா கிடந்த மாடி அறையை ஸ்டுடியோ ஆக்கிவிடுவது என்று கிளம்பினாள். கடையும் அறையும் ஹக்கீமின் அண்ணன் ஹபீப் ரஹ்மானுடையவை. ஏலக்காய் வியாபாரம். இப்போதெல்லாம் ஏலத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பித்தானை அமுக்கினால் போதும் என்பதால் மனிதர் வாயைத் திறப்பதே அபூர்வம். சுரையா கதவுக்குப் பின்னால் நின்று சலாம் சொன்னால்கூடத் திரும்பிப் பார்க்காமல் போவார். அதை அவள் மனசில் வைத்திருந்தாள்.

அந்த வீட்டில் தம்பி பெண்டாட்டி பெரிய மச்சானோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. சொல்ல வேண்டியதை, சுரையா அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிடும் அவர் மனைவி தஸ்னீமிடம் சொல்ல வேண்டும். அவள் கொண்டுபோய்ச் சொல்லிப் பதிலையும் கொண்டு வருவாள். ஹக்கீம் பேசலாம், தடையில்லை. ஆனால் அண்ணனைக் கண்டால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தலையை ஆட்டுவான். அண்ணனும் பதிலுக்கு ஆட்டுவார். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

"உன் மச்சான் சரின்னுட்டாரு" என்று தஸ்னீம் அப்போது வந்து சொன்னாள். சுரையா சிரிப்பதற்குள், "ஆனா ஒண்ணு" என்றாள்.

"என்ன லாத்தா?"

"கட்டி முடிச்சு, நீ தொழிலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை அவரு அந்த வாசல்ல வந்து நிப்பாராம். உள்ள ஒரு ஆளைக் கத்தச் சொல்லணுமாம். அவரு காதுல ஒரு பொட்டுச் சத்தம் விழுந்தாலும் ரூமு ஏலக்கா மூட்டைக்காம்."

"இது என்ன அநியாயம்! அவருக்கென்ன பாம்புக் காதா?"

"எனக்கென்னடி தெரியும்? சொல்லச் சொன்னாரு, சொன்னேன்." தஸ்னீம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சுரையாவுக்கு ரத்தம் கொதித்தது. "வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா பேசாம இருந்திருப்பேன். கட்ட விட்டுட்டுப் பிடுங்கப் பாக்குறாரு. அந்த லாத்தாவும் அவருக்கு ஒத்து ஊதுறாங்க. நான் விடுவேனா?"

விடவில்லை. முட்டை அட்டை நாறினால் என்ன, உலகத்தில் வேறு வழியா இல்லை? அட்டைகளைக் கிழித்து எறிந்துவிட்டுக் கன்னையனைக் கூப்பிட்டாள். கன்னையன் சாந்தன்பாறைப் பக்கம் எஸ்டேட்டுகளில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் கட்டியே பழகிய கொத்தனார். மலையிலேயே கிடந்ததில் பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சத்தம் வெளிய போகக் கூடாது, அம்புட்டுத்தான? சுவத்துக்குள்ள இன்னொரு சுவரு. நடுவுல ஏலக்காத் தோலைப் போட்டு அமுக்கிருவோம். அது மதி தாயி, வேற ஒண்ணும் வேணாம்."

"தோலு சத்தத்தைத் தாங்குமாண்ணே?"

"சூட்டையே தாங்குது. சத்தம் என்ன பெரிய சத்தம்?"

இந்த நியாயம் அவளுக்குப் பிடித்துப்போனது. சுவர் எழும்பியது. எழும்பிய பிறகுதான் அறை பாதியாகிவிட்டது தெரிந்தது. ஒலிப்பதிவு மிக்ஸர் வைக்க வாங்கிய மேசை உள்ளே போகவில்லை. ஒரு பக்கத்துக் காலை அறுத்துச் சுவரோடு சாய்த்து வைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏலக்காய் வாசத்தைத்தான் தாங்க முடியவில்லை. உள்ளே போய் நின்றாலே எச்சில் ஊறியது. பல் டாக்டர் விளம்பரத்தைப் பேசிப் போட்டுக் கேட்டால், பாயாசத்தை வாயில் வைத்துக்கொண்டு பேசியதுபோல இருந்தது.

"வாசத்தை அடைக்கணும்" என்றாள்.

கனமான கம்பளம் வாங்கிச் சுவர் முழுக்க அடித்தார்கள். வாசம் நின்றது. காற்றும் நின்றது. ஏசிக்கு ஓட்டை போட்டால் சத்தம் போய்விடும், போடாவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலைமை. உயிர்தான் முக்கியம் என்று ஹக்கீம் தலையாட்டியதால் ஓட்டை போட்டார்கள். ஏசி, அரவை மில் மாதிரி உறுமியது. பேசும்போது நிறுத்திவிட்டு, பேசி முடித்ததும் போட்டுக்கொள்வது என்று சுரையா தன்னோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள்.

மிச்சம் இருந்தது கதவு. ஹக்கீம் பூப்பாறையிலிருந்து ஜீப்பில் ஒரு பலாமரக் கதவைக் கொண்டுவந்தான். அதை மாடிக்கு ஏற்றியவர்கள் அவனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. மாட்டியதும் அதன் கனத்தில் நிலையே சாய்ந்து, கதவு மூட மறுத்தது. கன்னையன் உள்ளே நின்றுகொண்டு ஓரத்தை இழைத்தார், தட்டினார், கைப்பிடியைப் பிடித்து ஒரே இழு இழுத்தார். கதவு மூடிக்கொண்டது. அப்புறம் திறக்கவில்லை.

சுரையாவின் போன் அடித்தது.

"தாயி, நான் உள்ள இருக்கேன்."

"தெரியும்ணே. நான் வெளியதான் நிக்கிறேன்."

"வெரசாத் தொறங்க தாயி! மூச்சு முட்டுது!"

அந்தக் குரல் போனில் வருகிறதா, கதவு வழியாக வருகிறதா என்று அவளுக்கு ஒரு சந்தேகம். போனைக் காதிலிருந்து எடுத்தாள். அப்போதும் கேட்டது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாக் கத்துங்க. கீழ கடையில மச்சான் இருக்காரு!"

"சாகக் கெடக்குறவன் மெதுவா எப்பிடித் தாயி கத்துவான்?"

ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தாள். ஹபீப் ரஹ்மான் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செல்போனில் விலை பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு மனுஷன் உயிருக்குக் கத்துகிறான், இவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"எம்புட்டுத் திமிரு பாரு" என்று பல்லைக் கடித்தாள் சுரையா.

கதவுக்கு மேலே சுவரை இடித்து, அந்த ஓட்டை வழியாகக் கன்னையனை இழுத்து எடுத்தார்கள். தரையில் கால் பட்டதும் அவர் கோபத்தில் வெளியே நின்று இழைத்த இழைப்பில் கதவு திறந்தது. திறந்தே கிடந்தது. யாராவது உள்ளேயிருந்து கயிறு கட்டி இழுத்துப் பிடித்தால்தான் மூடும். இடித்த ஓட்டைக்குள் வீட்டிலிருந்த தலையணைகளைத் திணித்துப் பலகை அடித்தார்கள். அன்றைக்கு எல்லாரும் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள்.

"விட்ருவோமே சுரையா" என்றான் ஹக்கீம் தயங்கித் தயங்கி. "பீரோ நல்லாத்தான இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா? எத்தனை வருசமா சேலைக்குள்ள தலைய விட்டுட்டு 'வாரீர் வாரீர்'ங்கிறேன்! நான் என்ன திருடிட்டு ஒளிஞ்சுக்கிட்டா பேசுறேன்? நிமிந்து நின்னு பேச எனக்கு ஒரு ரூமு வேணும். உங்க அண்ணன் இல்ல, போடியே வந்து மறிச்சாலும் வேணும்!"

அதே சூட்டில் தஸ்னீமைத் தேடிப் போனாள்.

"லாத்தா, மச்சான்கிட்டச் சொல்லிருங்க. இந்த வெள்ளிக்கிழமையே வரச் சொல்லுங்க. சும்மா யாரோ ஒருத்தரைக் கத்த விட்டு ஏமாத்தினேன்னு பின்னால பேச்சு வரக் கூடாது. ஜீப் ஸ்டாண்டு சின்ராசுவைக் கூட்டியாறேன்."

தஸ்னீம் முகத்தில் முதல்முறையாகக் கலவரம் தெரிந்தது. "சின்ராசுவா? எதுக்குடி வம்பு? ஹக்கீமே ரெண்டு சத்தம் போடட்டுமே."

"முடியாது லாத்தா. மச்சான்கிட்டப் பயந்தவ இல்ல நான்."

சின்ராசு மலைக்குப் போகிற ஜீப்புகளுக்கு ஆள் கூப்பிடுகிறவன். ஸ்டாண்டில் அவன் கூப்பிட்டால் ரயிலடியில் இருப்பவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அப்பேர்ப்பட்ட தொண்டையைத் தலையணை அடைத்த ஓட்டையை நம்பிக் கூப்பிட்டிருக்கிறோமே என்று சுரையாவுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. ஆனால் சொன்ன சொல்லை வாபஸ் வாங்குவதைவிட ரூமே போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஹபீப் ரஹ்மான் வெள்ளைச் சட்டையோடு மாடிக்கு வந்தார். கதவுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தஸ்னீம் அவருக்கு எதிரே நின்றாள். சுரையாவும் சின்ராசுவும் உள்ளே போனார்கள். ஹக்கீமும் உள்ளே நின்று, கயிற்றைப் பிடித்துத் தொங்கிக் கதவை மூடினான்.

"என்னத்தக்கா கத்துறது?"

"எதையாவது கத்து."

"அப்பிடிக் கத்தினா தொண்டை தொறக்காதுக்கா. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்."

"அதையே கத்துடா!"

சின்ராசு காதைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தான். "பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம்! ஏறு ஏறு ஏறு! வண்டி கெளம்புது, வெரசா வா, வெரசா வா!"

கம்பளம் நடுங்கியது. மேலிருந்து ஏலக்காய்த் தூசி கொட்டியது. ஹக்கீம் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"இன்னும்!" என்றாள் சுரையா.

"ரெண்டே சீட்டு! ரெண்டே சீட்டு! நெடுங்கண்டம்!"

சுரையாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் சேலைக்குள் அமுக்கி வைத்திருந்த குரலையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, நிமிர்ந்து நின்று, அவளும் கத்தினாள். "மாபெரும் திறப்பு விழா! அனைவரும் வாரீர்! வாரீர்!"

இரண்டு பேரும் மூச்சு வாங்கி நின்ற பிறகு ஹக்கீம் கயிற்றை விட்டான். கதவு திறந்தது. ஹபீப் ரஹ்மான் அதே இடத்தில், கட்டிய கை கட்டியபடி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

சுரையாவுக்கு வழக்கமெல்லாம் மறந்துபோனது. அவருக்கு நேர் எதிரே போய் நின்று கேட்டேவிட்டாள். "கேட்டுச்சா மச்சான்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தஸ்னீமைப் பார்த்தார். தஸ்னீம் லேசாகத் தலையசைத்தாள்.

"ஒண்ணும் கேக்கல" என்றார் ஹபீப் ரஹ்மான். அறைச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் படியிறங்கினார்.

"ஜெயிச்சிட்டோம்க்கா!" என்று குதித்தான் சின்ராசு. சுரையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மச்சான் தோற்றுப் போகிற அழகைப் பார்க்கலாமென்று படிப்பக்கம் போனாள்.

படியில் இறங்க வழியில்லை. பையும் மூட்டையும் கையுமாகக் கீழேயிருந்து மேல்வரை ஆட்கள் நின்றார்கள். ஹபீப் ரஹ்மான் அவர்களை விலக்கி விலக்கி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நெடுங்கண்டம் வண்டி எங்க நிக்கிது?" என்று சண்டைக்கு வந்தார் முன்னால் நின்ற ஓர் ஆள். "ரெண்டு சீட்டுன்னு மேல இருந்து அந்தக் கத்துக் கத்துறீங்க, ஜீப்பையே காணோம்?"

"திறப்பு விழாவுல என்ன குடுக்குறீங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சுரையா தஸ்னீமின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லாத்தா, தெருவே படியேறி வந்திருக்கு. வாசல்ல நின்ன மச்சானுக்கு மட்டும் எப்பிடிக் கேக்காமப் போச்சு?"

தஸ்னீம், புருஷனின் வெள்ளைச் சட்டை கடைக்குள் மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு, அவள் காதோரம் குனிந்தாள்.

"அவருக்குக் காது கேட்டே ரெண்டு வருசமாச்சுடி, பின்ன என்னத்துக்கு இந்தப் பரீட்சைக்கு அவரு காதையே வச்சேன்னு நெனச்ச?"