பட்டாளத்தை அதட்டிய கர்னலம்மா

நம் பட்டாளம் இந்த உலகத்தில் யாருக்காவது பயந்திருக்கிறதென்றால், அது பம்பாய் செம்பூரில் மூன்றாம் மாடியில் இருந்த கர்னலம்மாவுக்குத்தான்.

அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கரப்பான் பூச்சி வந்தாலே நாற்காலியில் ஏறிவிடுவார். காலேஜ் பேராசிரியை. வேலையில் இருந்துகொண்டே மேல்படிப்பு படிக்கும் பட்டாளத்து ஆபீசர்களுக்கு, வீட்டு ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வகுப்பு எடுப்பார். மேஜர்களும் கர்னல்களும் கட்டம் கட்டமாகத் தெரிவார்கள். அவர்களை அவர் அதட்டுவதைக் கேட்டு பில்டிங் வாட்ச்மேன் வைத்த பேர்தான் கர்னலம்மா.

நான் தாராவியிலிருந்து போய் அவர் வீட்டில் சமைத்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் சாம்பாருக்கு மாட்டுங்கா வரைக்கும் பேர் உண்டு.

ஒருநாள் ஒரு பெரிய ஆபீசர் வீட்டுப்பாடம் அனுப்பவில்லை. “தோள்ல எத்தனை நட்சத்திரம் இருந்தா எனக்கென்ன? எழுதலேன்னா முட்டைதான்!” என்றார் கர்னலம்மா. கடற்படைக்காரர் ஒருவர் திரையில் இப்படியும் அப்படியும் ஆடினார். “ஏன் ஆடறேள்?” “மேடம், கப்பல் ஆடுது.” “நேரா நிறுத்திட்டு வாங்கோ!”

நாகர்கோவில் மேஜர் ஒருவர்தான் அதிகம் திட்டு வாங்கியவர். பனிமலையில் வேலை. சிக்னல் வரும், போகும். பட்டாளத்தில் அவர் காலம் முடியப்போகிறது. இந்தப் பட்டம் கிடைத்தால்தான் வெளியே பேசி வைத்த வேலை கிடைக்கும். கடைசியாக ஒரு வாய்மொழிப் பரீட்சை மட்டும் பாக்கி. அதில் ஆளைக் காணோமென்றால் அடுத்த வருஷம்தான்.

பரீட்சையன்று மேஜரின் கட்டம் இருட்டாகவே கிடந்தது. தில்லியில் தன் வீட்டிலிருந்தே கேள்வி கேட்க வந்த பேராசிரியர் திரையில் கொட்டாவி விட்டார். ஆப்சென்ட் போட்டுவிட்டுக் கிளம்பலாமா என்று கேட்டார். ஒரு நிமிஷத் தாமதத்தையும் பொறுக்காத கர்னலம்மா அடுக்களைக்கு ஓடிவந்தார்.

“செல்லம்மா, அந்த மனுஷனைப் போகவிடாம பேசுங்கோ! நான் மலைக்கு போன் போடறேன்.”

“நான் என்னத்தம்மா பேச?”

“எதையாவது!”

போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில், “சாப், உங்க வீட்டுல சாம்பார் எப்படி வைப்பீங்க?” என்றேன். பருப்பில் உருளைக்கிழங்கும் தக்காளி சாஸும் போடுவோம் என்றார்.

“அரே தேவா! அது சாம்பாரா சாப்?”

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா என் பக்கம் சேர்ந்துகொண்டார். புளி கரைத்து, கொத்தமல்லி வறுத்து, பேச்சு பெருங்காயத்துக்கு வந்தபோது இருட்டுக் கட்டத்தில் வெளிச்சம். பனி படிந்த குல்லாயோடு மேஜர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

“மன்னிக்கணும் மேடம். சிக்னலுக்காக மேட்டுல ஏறினேன்…”

“கதை வேண்டாம். காலர் பட்டனைப் போடுங்கோ.”

கேட்டதற்கெல்லாம் மேஜர் டக்டக்கென்று பதில் சொன்னார். தில்லிக்காரர் பாஸ் என்றார். மேஜர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

கர்னலம்மா லேப்டாப்பை மூடிவிட்டு, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பாத்ரூமுக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. அன்று பில்டிங்கில் மதியத்திலிருந்தே தண்ணீர் கிடையாது. நான் காபியை ஆறாமல் மூடி வைத்தேன்.