வெள்ளைச் சுறா பிடித்த படலம்

நஷ்வா வாழ்க. அலைகடல் நடுவே ஒரு கைப்பிடி மணலாய்க் கிடக்கும் பெஹிதூத் தீவின் திருமகள். வயிற்றில் எட்டு மாதச் சிங்கத்தைச் சுமந்தும் கையிலிருந்த வீடியோ கேம் கன்ட்ரோலரைத் தாழ்த்தாத தலைவி. கார் என்று ஒன்றுமே ஓடாத ஊரில் பிறந்து, டி.வி.க்குள் விரிந்த மாநகரத்தின் தெருக்களையெல்லாம் கட்டைவிரலால் அளந்த தேர்ப்பாகி. அவள் வெற்றியைச் சொல்லப் புகுந்தோம், நாவே, தடுமாறாதே.

போருக்குக் காரணம் அற்பமானதன்று. பிரசவம்வரை படுத்தே இருக்கவேண்டும் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் ஆணையிட்டு அவளை ஊஞ்சற்கட்டிலில் சிறைவைத்த நாள்முதல், இரண்டு தீவு தள்ளியிருக்கும் சுற்றுலா விடுதியில் படகோட்டும் அவள் கணவன் ஸினான், வேலை முடிந்ததும் தன் அறையிலிருந்தபடி அதே கேமுக்குள் வந்து அவளோடு ஊர் சுற்றுவான். அப்படிச் சுற்றிய ஒரு மாலையில், பிறக்கப்போகும் மகனுக்குத் தன் தந்தை மூஸா மானிக்கின் பெயரே பெயர் என்றான் ஸினான். அந்தப் பெயர் வேண்டவே வேண்டாம் என்றாள் நஷ்வா. சொல் வளர்ந்து சூடாகி, சூடு பந்தயமாகி, கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்ட விதி இது: வெள்ளைச் சுறாவை முதலில் தன் கராஜில் சேர்ப்பவர் வைப்பதே பெயர்.

வெள்ளைச் சுறாவாவது, அந்நகரில் மழை பெய்தால் மட்டும், அதுவும் மலைமேட்டுத் தெருக்களில் மட்டும், மனமிருந்தால் தோன்றி மறையும் பந்தயக் கார். மின்னலுக்குச் சக்கரம் கட்டியதொத்த வேகமுடையது. ஓட்டுபவர் இறங்கினால் எவரும் ஏறிக்கொள்ளலாம் என்னும் கற்பில்லாத இயல்பினது. அதைத் தேடி நஷ்வா அலையாத சந்தில்லை. சிவப்புக் கார்கள் பளபளத்து அழைத்தன, நிமிர்ந்தும் பாராள். ஒருநாள் மழையில் நனைந்த ஐஸ்கிரீம் வண்டியைச் சுறாவென மயங்கித் துரத்தி, பாலத்திலிருந்து ஆற்றில் பாய்ந்தாள். அதை ஸினானிடம் சொல்லவில்லை.

பிறகொரு நாள் அந்தியில் அந்நகரில் முகில் கறுத்து மழை கொட்டியது. மலைமேட்டு ஓட்டல் வாசலில், முத்துச்சிப்பி திறந்ததுபோல் வெள்ளொளி வீசி நின்றது சுறா. நஷ்வா மூச்சையும் விடாமல் ஏறி அமர்ந்தாள். போலீஸ் வண்டிகள் தேனீக்கூட்டமாய்ப் பின்தொடர்ந்தன.

"நஷ்வா, எங்க இருக்கே?" டி.வி.யிலிருந்து ஸினானின் குரல்.

"எங்கேயும் இல்ல. சும்மா கடலைப் பாத்துட்டு நிக்கிறேன்."

"போலீஸ் சத்தம் கேக்குதே."

"வேற யாருக்கோ வருது."

அவன் நம்பவில்லை. அவனுடைய கரிய லாரி மலையடிவாரம் நோக்கி மதயானைபோல் திரும்பியது. நஷ்வா நான்கு வளைவுகளில் போலீசை உதிர்த்துவிட்டு கராஜ் தெருவில் நுழைந்த அக்கணத்தில், ஐயகோ, உள்ளிருந்த சிங்கம் அவள் மூத்திரப்பையின்மேல் காலூன்றி எழுந்தது. நிறுத்திவைக்க முடியாத ஆட்டம்; நிறுத்திவைக்க முடியாத அவசரம்.

"மாமி, ஓடி வாங்க."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமியார் ஸுலைகா வந்தாள்.

"இதைப் பிடிங்க. இதை அமுக்கினா போகும். நேரே அந்த மஞ்சக் கதவுக்குள்ள விட்டுடுங்க."

"கையெல்லாம் தேங்காய்டி."

"பரவால்ல மாமி."

செங்கோலைக் கைமாற்றிவிட்டு, வயிற்றைத் தாங்கியபடி பின்கட்டுக் குளியலறைக்குள் புகுந்தாள் நஷ்வா. அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: பகைவனைப் பெற்றவள் கையிலல்லவா கொடுத்துவிட்டு வந்தோம். எழவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், சுவருக்கு அப்பால் நடந்ததைக் காதால் கண்டாள்.

"அம்மா? நீங்களா ஓட்டுறீங்க? அப்படியே நிறுத்திட்டு இறங்குங்க. நான் வந்து எடுத்துக்கறேன்."

"எதுக்குடா?"

"நான் ஜெயிச்சா பிள்ளைக்கு அப்பா பேரும்மா."

எஞ்சின் உறுமல் அடங்கியது. நஷ்வா சுவரோடு காதை ஒட்டினாள். லாரியின் ஓசை நெருங்கி நெருங்கி வந்தது.

"உங்கப்பா பேரா?" என்றாள் ஸுலைகா, ஆற அமர. "முப்பது வருஷமா மூஸா மானிக், வலையை எடு, மூஸா மானிக், வெயில்ல தூங்காதேன்னு கத்தி எனக்குத் தொண்டையே போச்சு. கூப்பிட்டா ஒருத்தர் வராம இருக்கிறது போதும்டா. ரெண்டு பேர் வராம இருக்கணுமா?"

"அம்மா, கதவை விட்டுத் தள்ளி..."

"நகருடா, வண்டி வருது."

எஞ்சின் மீண்டும் சீறியது. விளக்குக் கம்பம் ஒன்று முறிந்தது. காய்கறிக் கடை ஒன்று அலறிச் சரிந்தது. லாரியின் பிரேக் கிறீச்சிட்டது. பிறகு இரும்புக் கதவு இறங்கும் ஓசையும், அதன்மேல் வெற்றி முழங்கும் இசையும். குளியலறைச் சுவரில் தலைசாய்த்து, வயிறு குலுங்க, சத்தம் வெளியே போகாமல் சிரித்தாள் நஷ்வா.

அவள் கையைக் கழுவிக்கொண்டு, நர்ஸின் ஆணையை மதித்து அடிமேல் அடிவைத்துத் திரும்பியபோது, தேங்காய்ப்பூ படிந்த கன்ட்ரோலர் கட்டிலில் கிடந்தது. ஸுலைகா மறுபடி துருவுபலகையில் உட்கார்ந்திருந்தாள். ஊஞ்சற்கட்டிலாகிய அரியணையில் சாய்ந்து நஷ்வா பிரகடனம் செய்தாள்: "விண்ணும் கடலும் விடுதி முதலாளியும் கேட்கட்டும். பெயர்சூட்டும் உரிமை இன்றுமுதல் எனக்கே."



"சரி," என்றான் ஸினான். "என்ன பேரு வச்சிருக்கே?"

நஷ்வா வாயைத் திறந்தாள். இத்தனை வாரமும் சுறாவையே நினைத்திருந்தாள்.

"சொல்றேன்," என்றாள்.

பையனுக்கு நாலு மாசம் ஆகிறது, இன்னும் எல்லோரும் அவனைச் சின்னது என்றுதான் கூப்பிடுகிறார்கள்.